பத்திலிருந்து மூன்று வரை

"சாய்க்காதே" என்று தாவீது மூன்றாவது முறையாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. ஐஸ் பெட்டியை நாலு பேர் தூக்கிப் பிடித்து, அகலவாட்டில் ஒரு தடவை, நீளவாட்டில் ஒரு தடவை என்று வாசக்காலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் சுண்ணாம்பு உதிர்ந்தது.

"வாசக்கால் சின்னது பெரியவரே. பெட்டி மேல குத்தம் சொல்லாதீங்க" என்றான் பெட்டியை வாடகைக்கு விடும் சிட்டிபாபு.

வாசக்காலை வைத்தவர் தாவீதுதான். முப்பது வருடத்துக்கு முன்னால் கட்டில் போகுமா, பீரோ போகுமா என்று முழம் போட்டு அளந்து வைத்தார். இந்த மாதிரி ஒரு பெட்டி போகுமா என்று அன்றைக்கு அவரும் யோசிக்கவில்லை, கொத்தனாரும் யோசிக்கவில்லை.

கடைசியில் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டுப் பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு பிளக் சேரவில்லை. பெட்டியின் பிளக் பெரிசு, கூடத்துச் சுவரில் இருந்தது சிறிசு. பெரிசு சமையலறையில்தான் இருந்தது. அதில் அவர் மனைவி எஸ்தரின் பட்டன் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ அதைப் பிடுங்கி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒயரைக் கூடம் முழுக்க இழுத்துவிட்டார்கள். இனி இந்த வீட்டில் நடக்கிறவன் எல்லாம் அதில் தடுக்கி விழுவான் என்று தாவீது சொன்னார். அதையும் யாரும் கேட்கவில்லை. பெட்டி உறுமத் தொடங்கியது. உள்ளே எஸ்தர் தாடைக்கட்டோடு படுத்திருந்தாள்.

அவள் காலை பத்தரைக்குப் போய்விட்டாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைச் சுற்றுகிறது என்றாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றாள். போட்டால் ஏன் சுற்றுகிறது என்று அதட்டினார். அவள் சுவரில் சாய்ந்தாள். ஆட்டோ தெருவுக்குள் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டர் நடந்தே வந்து, கண்ணைப் பிரித்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் தாவீது அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். நாலு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. பெட்டியின் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு முதலில் அதுதான் ஞாபகம் வந்தது. போட்டேன் என்றாளே.

வந்தவர்கள் எல்லாரும் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். முதல் ஐந்து பேருக்குச் சொன்னார். பிறகு வந்தவர்களை ஏற்கெனவே வந்தவர்கள் பக்கம் கைகாட்டினார்.

மற்ற காரியத்தையெல்லாம் எஸ்தரின் தம்பி தர்மன் எடுத்துக்கொண்டான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேன் வேனாக ஆள் அனுப்புகிறவன். இரண்டு காதுக்கும் இரண்டு போன். பெட்டி, பந்தல், போதகர், குழி தோண்ட ஆள் என்று எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே முடித்தான். அக்காவின் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தான். அந்தப் படத்தில் அவள் திருடியைப் போல முழித்துக்கொண்டிருப்பாள். வேறு படம் இல்லையா என்று தாவீது கேட்டார். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று மேலே போட்டுவிட்டால் சரியாக இருக்கும் என்று அவன் சொன்னான்.

மகன் டேனியலுக்குச் சேதி சொன்னதும் தர்மன்தான். அம்மா சீரியஸ், உடனே கிளம்பு என்று சொல்லியிருந்தான்.

தூரத்தில் இருக்கிறவனுக்குச் சாவை நேராகச் சொல்வதில்லை. சீரியஸ் என்று சொல்ல வேண்டும். வருகிறவன் தெருமுனையில் பந்தலைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்வான். தாவீதின் அப்பா செத்தபோது அவருக்கும் இப்படித்தான் சொன்னார்கள். ஆற்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி, நோயாளிக்கென்று ஒரு பை சாத்துக்குடியோடு வந்து இறங்கினார். அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுடுகாடு வரைக்கும் கையில் வைத்திருந்தார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அவருக்கு முழுசாகப் போகவில்லை. ஆனாலும் மத்தியானம் தர்மன் பொய் சொன்னபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

டேனியல் இருந்தது மாலத்தீவின் தெற்குக் கோடியில். ஒரு வெள்ளைக்காரக் கிழவனுக்கும் கிழவிக்கும் சொந்தமான பாய்மரப் படகில் வேலை பார்க்கிறான். கோவளத்தில் படகு கழுவும் வேலைக்குப் போனவன், பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று கடலுக்குள் போய்விட்டான். தெருவில் கப்பல் வேலை என்றார்கள். தாவீது நம்பவில்லை. எங்கேயோ தட்டு கழுவுகிறான், சொல்ல வெட்கப்படுகிறான் என்றுதான் ஏழெட்டு வருடம் நினைத்திருந்தார். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். பாய்மரத்தின் நடுவில் குறுக்குக் கம்பி. அதன் மேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டேனியல். கீழே சக்கரத்தைப் பிடித்திருந்த கிழவருக்கு அவன் கையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தான்.

"காக்கா மாதிரி மேல குந்திக்கினு இருக்கறதுக்கா சம்பளம் தர்றான்?" என்று தாவீது கேட்டார்.

டேனியல் சிரித்தான். அங்கே தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை என்றான். நாலு மாடி ஆழத்திலிருந்து எழும்பிவந்து, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே நின்றுவிடும். கடல் மேல் ஒன்றும் தெரியாது. மேப்பில் பாதி இருக்காது. எந்தக் காலத்திலோ எவனோ கயிறு விட்டு அங்கங்கே ஆழம் பார்த்துவிட்டு, நடுவில் இருப்பதை உத்தேசமாக வரைந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"இது பாரு நைனா. இது நாங்க நங்கூரம் போட்ட எடம். மேப்ப நம்பினா, நாங்க தென்னமரத்து மேல நின்னுக்கினு இருக்கோம்."

படத்தில் படகின் குறி உண்மையாகவே தீவுக்கு நடுவில் நின்றது. அச்சடித்த எதையும் நம்பாதவர் என்பதால் தாவீதுக்கு அது பிடித்துப்போனது. இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

கண்ணால் பார்த்துத்தான் போக வேண்டும் என்றான் டேனியல். கருநீலம் என்றால் ஆழம், போகலாம். பச்சை என்றால் மணல், மெதுவாகப் போகலாம். பழுப்பு என்றால் பாறை, தொட்டால் படகின் வயிறு கிழியும். இந்த நிறமெல்லாம் தெரிய வேண்டுமென்றால் வெயில் தலைக்கு மேலேயோ முதுகுப் பக்கமோ இருக்க வேண்டும். எதிர்வெயிலில் கடல் மொத்தமும் ஒரே தகரம். அதனால் பத்து மணிக்கு முன்னால் நகர்வதில்லை. மூன்று மணிக்குள் எங்கேயாவது ஒரு நல்ல இடத்தில் நங்கூரம் போட்டுவிடுவது. மூன்றுக்கு மேல் கடவுளே கூப்பிட்டாலும் கிளம்புவதில்லை.

மகன் சொன்னதில் தாவீது யாரையும் கேட்காமல் நம்பியது அது ஒன்றைத்தான். பிள்ளையார்பாளையத்தில் காசிநாதனின் சாயப்பட்டறையில் நாற்பது வருடம் பட்டு நூல் தோய்த்தவர். முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அங்கேயும் மாதிரி நூலையும் தோய்த்த நூலையும் சேர்த்துவைத்துப் பார்ப்பது உச்சிப்பொழுதில்தான். ஒரு தடவை கல்யாண அவசரம் என்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டார்கள். மாவிலைப் பச்சை என்று அனுப்பியது காலையில் பாசி பிடித்த பழுப்பாக இருந்தது. நெய்தவன் தறியை விட்டு இறங்கிவந்து பட்டறை வாசலில் கத்தினான். அதிலிருந்து மூன்று மணிக்கு மேல் யார் வந்து நின்றாலும் காசிநாதன் நூலைக் கையில் வாங்க மாட்டார்.

எஸ்தருக்குச் சாயமும் தெரியாது, கடலும் தெரியாது. அவள் பிடித்துக்கொண்டது பத்திலிருந்து மூன்று என்பதை மட்டும். டேனியல் திரும்பிப் போனதிலிருந்து தினமும் பத்து மணிக்கு வாசலுக்குப் போய் வெயில் இருக்கிறதா என்று பார்ப்பாள். இங்கே வெயில் அடித்தால் அங்கே எவனுக்கு என்ன என்று தாவீது கத்துவார். மூன்று மணிக்கு டீக்குத் தண்ணீர் வைப்பாள். டேனியல் நங்கூரம் போட்டதும் அவளுடைய பட்டன் போனுக்கு ஒரு ரிங் கொடுத்து நிறுத்திவிடுவான். அந்த ரிங் வந்த பிறகுதான் டீத்தூளைப் போடுவாள். அங்கே மணி அரை மணி நேரம் பின்னால் என்று தெரிந்ததும் டீ மூன்றரைக்குப் போனது. மழை நாட்களில் நாலு, நாலேகால் ஆகிவிடும். தண்ணீர் கொதித்துக் கொதித்துச் சுண்டும். ஒரு டீக்கு எத்தனை சிலிண்டர் என்று அவர் கேட்பார். அவள் இன்னொரு தம்ளர் தண்ணீரை ஊற்றுவாள்.

இரண்டரை மணிக்கு டேனியல் மகள் ஏஞ்சலின் போனில் வீடியோவில் வந்தான். ஏஞ்சல் புகுந்த ஊரான கூரத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். அண்ணன் பெயரைப் பார்த்ததும் போனைத் தரையில் கவிழ்த்தாள். தர்மன் அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடி, வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினான். ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், ஐசியூவில் போன் விடமாட்டார்கள், டாக்டர் இருபத்துநாலு மணி நேரம் கெடு கொடுத்திருக்கிறார் என்றெல்லாம் சொன்னான். ஒரு பொய்யில் நிறுத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் எத்தனாவது மாடி என்பது வரைக்கும் சொல்லிவிட்டு வந்தான். டேனியல் தன் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னதால்தான் திரும்பி வந்தான்.

தாவீது போனைக் காதில் வைத்தார்.

"நைனா, நீ சொல்லு. இப்ப கிளம்பினா நான் அம்மாவ பாத்துடுவேனா?"

எதிரே தர்மன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஏஞ்சல் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். தெருவில் பந்தலுக்கு மூங்கில் இறக்கும் சத்தம் அவனுக்குக் கேட்குமோ என்று அவர் போனைக் கையால் மூடினார்.

"வா" என்றார்.

அப்புறம் தர்மன் விஷயத்தை விளக்கினான். டேனியல் நிற்கிற இடத்திலிருந்து விமானம் இறங்கும் தீவுக்குப் படகில் ஐந்து மணி நேரம். இப்போதே கிளம்பினால் விடிகாலை விமானத்தைப் பிடித்து நாளைக்குச் சாயங்காலம் வீட்டில் இருப்பான். நாளைக்குப் பத்து மணிக்குக் கிளம்பினால் நாளை மறுநாள் சாயங்காலம்தான். படகுக்காரக் கிழவனும் கிழவியும் நல்லவர்கள், தாய் சாகக் கிடக்கிறாள் என்றால் யார் வேண்டாம் என்று சொல்வார்கள், போ என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அடக்கம் நாளைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு. போதகருக்கும் சொல்லியாகிவிட்டது. அதுவரைக்கும் யாரும் ஸ்டேட்டஸ் போடக் கூடாது, டேனியல் பார்த்துவிடுவான் என்று தெருப் பையன்களிடமெல்லாம் தர்மன் போய்ச் சொன்னான். இரண்டு பேர் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். அவர்களைத் திட்டி அழிக்கவைத்தான். அழித்ததை எல்லாரிடமும் காட்டினான்.

தாவீது சமையலறைக்குப் போனார். கூடத்தில் உட்கார இடமில்லை என்பது ஒன்று. இன்னொன்று, அவருக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆய்ந்த கீரை முறத்தில் வாடிக்கிடந்தது. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். ஏஞ்சலின் மாமியார் வந்து, சுவரில் ஏதாவது வெள்ளைத்துணி மாட்டலாமா என்று கேட்டார். மாட்டு என்றார் தாவீது. எங்கே இருக்கிறது என்று அந்தம்மா கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றார்.

மூன்றரை மணிக்கு அவர் தலை தானாகவே உப்பு ஜாடிப் பக்கம் திரும்பியது. பட்டன் போன் சும்மா கிடந்தது. மூன்றே முக்காலுக்கு அதை எடுத்துப் பார்த்தார். சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. ரிங் வரவில்லை. எப்படி வரும் என்று தனக்குள் எரிந்துவிழுந்தார். அவன்தான் நங்கூரத்தைப் போடவில்லையே, எடுக்கத்தானே போகிறான்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பின்பக்க ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்து அலுமினியத் தட்டு மேல் விழுந்திருந்தது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கண் கூசியது. ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுந்து கூடத்துக்குப் போய் ஏஞ்சலிடம் அண்ணனுக்குப் போன் போடச் சொன்னார். எதுக்குபா என்றாள். போடு என்றார்.

டேனியல் எடுக்க நேரமாயிற்று. பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கடா நிக்கிற?"

"கிளம்பிட்டோம் நைனா. பாதி சங்கிலி ஏத்தியாச்சு. அம்மா எப்டி இருக்குது?"

"மணி இன்னா அங்க?"

"மூணு நாப்பது."

"எந்தப் பக்கம் போற?"

"மேக்கால. அந்த வழியா போனாத்தான் சீக்கிரம்."

"முன்ன போயிருக்கியா அதுல?"

"இல்ல. ஓனர் ஓட்டுவாரு, நான் மேல ஏறி பாத்துக்கினே போவேன். நீ அம்மாவ பாரு நைனா, இதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"வெயில் எங்க இருக்குது?"

அந்தப் பக்கம் எஞ்சின் மட்டும் கேட்டது. தாவீதின் பேச்சு போகிற போக்கைப் பார்த்து தர்மன் எழுந்து வந்து போனுக்குக் கையை நீட்டினான். அவர் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒயரைத் தாண்டி, சமையலறைக்குள் போனார்.

"அம்மா செத்துப்போச்சுடா" என்றார். "காலைல பத்தரைக்கே. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி ஒண்ணும் கெடையாது. ஊட்ல, ஐஸ் பெட்டில இருக்குது. நீ நாளைக்கு வந்தாலும் அப்டியேதான் இருக்கும், ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் அதேதான். சங்கிலிய எறக்கு."

ஏஞ்சல் அப்பா என்று கத்தினாள். கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ஐஸ் பெட்டி உறுமுவது கேட்டது. அது டேனியலுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அப்பவே கேட்டேனே நைனா" என்றான் டேனியல். குரல் உயரவில்லை.

"கேட்ட."

"மாமா சொன்னத நான் நம்பல. அது அப்டித்தான் சொல்லும். நீ வான்னு சொன்ன. அதுக்குத்தான் எஞ்சின போட்டேன்."

தாவீது போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். அதற்குள் போன் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் தர்மன் நிறுத்தவே இல்லை. சாவு வீடு என்றும் பார்க்கவில்லை, அக்கா படுத்திருக்கிறாள் என்றும் பார்க்கவில்லை. நடுக்கடலில் தனியாக இருப்பவனிடம் சொல்கிற சேதியா இது, அவன் தண்ணீரில் குதித்தால் யார் பதில் சொல்வது, ஊர் உலகத்தில் எவனாவது இப்படிச் செய்வானா, படித்திருந்தால் இந்தப் புத்தி வருமா என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே கேட்டான். ஒரு தடவை ஒயரில் தடுக்கினான். ஏஞ்சல் திரும்பத் திரும்பப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. பிறகு அடிக்கவும் இல்லை.

தாவீது கவிழ்த்த பக்கெட் மேலேயே உட்கார்ந்திருந்தார். அவர் யோசித்தது வேறு. போன் நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நங்கூரச் சங்கிலி இறங்கும்போது எப்படிச் சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும்; கிறிஸ்துமஸ் வீடியோவில் கேட்டிருக்கிறார், கிணற்றுக்குள் கல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினதைப் போல இருக்கும். அந்தச் சத்தம் கேட்கவில்லை. மத்தியானமே சொல்லியிருந்தால் எஞ்சினே ஓடியிருக்காது. நாற்பது வருடம் பட்டறையில் முதலாளி முகத்துக்கு எதிரே நிறம் சரியில்லை என்று சொன்ன வாய்.

ஆறு மணிக்கு ஏஞ்சல் போனோடு வந்து நின்றாள். அண்ணன் எழுதியிருக்கிறது என்றாள். நங்கூரம் போட்டுவிட்டோம், நாளைக்குப் பத்து மணிக்கு மேல் கிளம்புகிறேன், எனக்காக வைத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று படித்தாள்.

"எனுக்கு ஏதாவது எழுதி இருக்குதா?" என்று தாவீது கேட்டார்.

"இல்லபா."

அவர் எழுந்து போய் தர்மனிடம், போதகருக்குப் போன் போட்டு நாளைக் காலை பதினொன்றுக்கு மாற்றச் சொன்னார். தர்மன் அவர் முகத்தைப் பார்க்காமல் போன் போட்டான். பிறகு தெருப் பையன்களைக் கூப்பிட்டு, இனிமேல் ஸ்டேட்டஸ் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னான்.

மறுநாள் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. பத்து மணிக்குத் தாவீது வாசலில் நின்று மேலே பார்த்தார். ஒரு மேகம் இல்லை. இங்கே வெயில் அடித்தால் அங்கே எவனுக்கு என்ன என்று சொல்ல ஆள் இல்லை. சவப்பெட்டியை எடுக்கும்போது கதவு இல்லாத வாசக்கால் தாராளமாக வழிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் அவரைக் குழியின் தலைமாட்டில், நிழலில் வந்து நிற்கச் சொன்னார். தாவீது வரவில்லை. வெயில் முதுகில் விழும்படி மேற்கே பார்த்து நின்றுகொண்டார். வயசானவர், மயக்கம் வரும், இந்தப் பக்கம் வாங்க என்று இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினார். நம் மணிக்குப் பத்தரைக்குக் கிளம்பியிருந்தால், பாறைகளுக்கு நடுவில் படகு நுழைகிற திறப்புக்குப் பக்கத்தில் இந்நேரம் வந்திருப்பான். அவர் நின்ற இடத்திலிருந்து குழி அடிவரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. மண்வெட்டி வெட்டின தடம், அறுந்த வேர், ஓரத்தில் ஒரு வெள்ளை ஓடு. மண் பழுப்பு. பெட்டி இறங்கியது. மூன்று பிடி போடச் சொன்னார்கள். போட்டார். ஒரு பிடி டேனியலுக்காக என்று தர்மன் இன்னொரு பிடியைக் கையில் கொடுத்தான். அவன் வந்து போடுவான் என்று சொல்லி, அதை அவன் கையிலேயே திருப்பிக் கொட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது சிட்டிபாபு ஐஸ் பெட்டியை எடுத்துப்போயிருந்தான். எதிர்வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஆட்கள் கலைந்தார்கள். ஏஞ்சல் வெறும் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். தர்மன் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு, கழற்றிய கதவைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். திருகாணி ஒன்று தொலைந்துபோயிருந்தது. யாரோ எடுத்து யாரிடமோ கொடுத்தார்கள் என்று முனகினான்.

தாவீது சமையலறைக்குள் போனார். பெரிய பிளக் காலியாக இருந்தது. பட்டன் போன் முழுசாக அணைந்திருந்தது. சார்ஜரில் மாட்டினார். அது உயிர் வர நேரம் பிடித்தது. அப்புறம் பாத்திரத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து, அடுப்பைப் பற்றவைத்தார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது.

"இன்னிக்கு அடுப்பு பத்த வெக்கக் கூடாது மாமா" என்று வாசலிலிருந்து தர்மன் சொன்னான். "டீ தானே, கடைல வாங்கியாரேன்."

தாவீது மூன்றாவது குச்சியை உரசினார்.

மூன்றரைக்குத் தண்ணீர் கொதித்தது. அடுப்பைத் தணித்தார். மூன்றே முக்காலுக்கு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு தம்ளர் ஊற்றினார். கதவில் அடித்துக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. தர்மன் சமையலறை வாசலுக்கு வந்து, அடுப்பையும் அவரையும் சார்ஜரில் கிடந்த போனையும் பார்த்தான். அக்காவின் டீ அவனுக்கும் தெரியும். சுவரில் சாய்ந்து நின்றான்.

"அஞ்சு மணி நேரம்தானே சொன்னான்?" என்றான் கொஞ்சம் கழித்து.

"உன் வாய வெச்சிக்கினு சும்மா இரு."

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவது தம்ளரை ஊற்றினார். கொஞ்சம் அடுப்பில் சிந்திச் சீறியது.

அப்போது பட்டன் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது.

இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. தர்மன் திரும்பிப் போய்க் கதவைத் தூக்கிக் கீலில் பொருத்தினான்.

தாவீது டீத்தூளைப் போட்டார். பிறகு சர்க்கரை டப்பாவை எங்கே வைத்திருக்கிறாள் என்று தேட ஆரம்பித்தார்.